முதல் முப்பது மீட்டர்



குறுதூர ஓட்டத்தில் முடுக்கம் என்பது எனக்குக் கொடுக்கப்பட்டுள்ள தலைப்பு. நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு, உச்ச வேகத்தைத் தொடும் வரை அடிக்கு அடி வேகம் ஏறிக்கொண்டே போகிறதே, அதற்குத்தான் முடுக்கம் என்று பெயர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழுத்தில் விசிலோடு மைதானத்தில் நின்றவன் நான். இந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் மனம்விட்டுப் பேச வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

முதலில் ஒரு கேள்வி. 100 மீட்டர் ஓட்டம் எங்கே முடிவாகிறது? கேட்டால் எல்லோரும் முடிவுக்கோட்டைத்தான் காட்டுவார்கள். நடுவர்கள் அங்கே நிற்கிறார்கள். போட்டோ எடுப்பவர் அங்கே நிற்கிறார். கைதட்டும் கூட்டமும் அங்கேதான். தொடக்கக் கோட்டில் யார் நிற்கிறார்கள்? கிளாப்பர் பிடித்த ஓர் ஆசிரியர் நிற்கிறார். அவ்வளவுதான். ஆனால் ஓட்டத்தின் தலையெழுத்து எழுதப்படுவது அந்த ஆளில்லாத முனையில்தான் என்று நான் சொல்கிறேன்.

2009 ஆகஸ்ட் 16. பெர்லின். உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடி முடித்த இரவு. அந்த ஓட்டத்தைக் கூறுகூறாக அளந்து வைத்திருக்கிறார்கள். முதல் 20 மீட்டருக்கு அவருக்கு ஆனது ஏறக்குறைய 2.9 விநாடி. 60-லிருந்து 80 வரையிலான 20 மீட்டருக்கு ஆனது 1.61 விநாடி. தூரம் ஒன்றுதான். ஓடியவரும் ஒருவர்தான். நேரம் மட்டும் பாதிக்குக் கொஞ்சம் மேலே. மணிக்கு 44 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்த வேகத்தை அவர் திடீரென்று எட்டிவிடவில்லை. 60 மீட்டர் வரையிலும் ஏற்றிக்கொண்டே போனார். அப்படியானால் உலகின் மிக வேகமான ஓட்டத்தில் பாதிக்கு மேல் என்ன நடந்தது? முடுக்கம் நடந்தது.

நம் பள்ளிப் பிள்ளைகள் 30, 40 மீட்டருக்குள் உச்ச வேகத்தைத் தொட்டுவிடுகிறார்கள். அதற்கு மேல் வேகம் கூடுவதில்லை. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதுதான் வேலை. முதல் 30 மீட்டரில் சேர்த்தது எவ்வளவோ அதுதான் கையிருப்பு. மீதித் தூரம் முழுக்க அதை வைத்துத்தான் செலவு செய்ய வேண்டும். சேர்க்கிற இடத்தில் சேர்க்கக் கற்றுக்கொடுக்காமல், "கடைசியில் விட்டுடாதே, கடைசியில் விட்டுடாதே" என்று ஓரத்தில் நின்று கத்துவதில் என்ன பயன்?

இங்கே சிலர் மனதில் ஒரு எண்ணம் ஓடும். வேகம் என்பது பிறவியிலேயே வருவது, கால் நீளமாக இருக்க வேண்டும், ஆப்பிரிக்க வம்சமாக இருக்க வேண்டும், நம் பிள்ளைகளுக்கு இது ஒத்துவராது என்று. இந்தப் பேச்சை நான் எத்தனையோ மைதானங்களில் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் நெஞ்சு எரியும்.

சீனாவின் சு பிங்டியன் என்பவரை உங்கள் முன் நிறுத்துகிறேன். உயரம் 172 சென்டிமீட்டர். நம் ஊர்க் கடைவீதியில் நடந்தால் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடுவார். 2013-இல் அவருடைய சிறந்த நேரம் 10.06 விநாடி. பத்தைத் தொட விநாடியில் நூறில் ஆறு பங்குதான் பாக்கி. அந்த ஆறு அசையவில்லை. அப்போது அவர் என்ன செய்தார் தெரியுமா? தொடக்கத்தில் முன்னே வைக்கும் காலையே மாற்றினார். சிறு வயதிலிருந்து பழகிய காலைப் பின்னே வைத்து, பழகாத காலை முன்னே வைத்தார். எழுதுகிற கையை மாற்றிக்கொள்வது போன்ற காரியம் அது. 2015-இல் அமெரிக்காவின் யூஜீன் நகரில் 9.99. ஆசியாவில் பிறந்த ஆண்களில் பத்து விநாடிக்குக் கீழே இறங்கிய முதல் மனிதர்.

அதோடு நின்றாரா? இல்லை. அமெரிக்கப் பயிற்சியாளர் ராண்டி ஹண்டிங்டனிடம் போய்ச் சேர்ந்து, மீண்டும் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்தார். 2018-இல் பர்மிங்ஹாமில் நடந்த உலக உள்ளரங்கப் போட்டியில் 60 மீட்டரை 6.42 விநாடியில் ஓடி வெள்ளி. பிறகு 2021 ஆகஸ்ட் 1, டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதி. வயது 31. அந்த வயதில் நம் ஊரில் பயிற்சியை விட்டு வேலை தேடி நான்கு வருடம் ஆகியிருக்கும். அன்று அவர் ஓடியது 9.83. ஆசியச் சாதனை. அந்த ஓட்டத்தில் 60 மீட்டரை அவர் கடந்தபோது கடிகாரம் காட்டியது 6.29. பெர்லினில் போல்ட் 60 மீட்டரைக் கடந்தது 6.31-இல். மறுபடியும் சொல்கிறேன். 172 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதர், 195 சென்டிமீட்டர் உயரமுள்ள போல்ட்டின் உலக சாதனை ஓட்டத்தைவிட முன்னதாக 60 மீட்டரைத் தொட்டிருக்கிறார்!

இறுதி ஓட்டத்தில் அவருக்கு ஆறாமிடம்தான். அதில் ஒரு பழைய கதையும் ஒளிந்திருக்கிறது. ஒலிம்பிக் 100 மீட்டர் இறுதியில் அவருக்கு முன் ஓடிய ஆசியர் யார்? அதற்கு 89 ஆண்டுகளுக்கு முன்னால், 1932 லாஸ் ஏஞ்சல்ஸில், ஜப்பானின் தகாயோஷி யோஷியோகா. அவரும் உயரம் குறைந்தவர். அவரும் புறப்பாட்டுக்குப் பேர் போனவர். அவருக்கும் ஆறாமிடம். உயரத்தில் விட்டதைப் புறப்பாட்டில் பிடிக்கலாம் என்று 1932-லேயே ஓர் ஆசியர் காட்டிவிட்டார். நாம்தான் பார்க்கவில்லை.

பெண்பிள்ளைகள் கேட்பீர்கள், எங்களுக்கு யார் என்று. ஜமைக்காவின் ஷெல்லி ஆன் ஃபிரேசர் பிரைஸ். உயரம் 152 சென்டிமீட்டர். 100 மீட்டரில் இரண்டு ஒலிம்பிக் தங்கம், ஐந்து உலகப் பட்டம். புறப்படும்போதே பக்கத்துப் பாதைக்காரிகளைப் பின்னால் விட்டுவிடுவார். ஆண்களிலும் பாருங்கள், பக்கத்துத் தீவான இலங்கையில் பிறந்த யுபுன் அபேகோன் 2022-இல் 100 மீட்டரை 9.96 விநாடியில் ஓடினார். இனியும் நம் மண்ணுக்கு ஒத்துவராது என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

சரி, அந்த வித்தை என்ன? ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். தரையைப் பின்னுக்குத் தள்ளுங்கள்!

தரையை நாம் பின்னால் தள்ளினால் தரை நம்மை முன்னால் தள்ளும். எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு திருப்பிக் கொடுக்கும். கீழ்நோக்கி மிதித்தால் மேலே தூக்கும். பின்னோக்கித் தள்ளினால்தான் முன்னே அனுப்பும். முழு வேகத்தில் ஓடும்போது பாதம் தரையில் இருப்பது விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அங்கே தள்ள நேரம் கிடையாது. ஆனால் முதல் அடியில் பாதம் ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் தரையில் இருக்கிறது. தள்ளுவதற்கு நேரம் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். அந்த நேரத்தைப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? அவசரத்தில் வீணடிக்கிறார்கள். கிளாப்பர் சத்தம் கேட்டதும் காலை வேகவேகமாக மாற்றினால் வேகம் வந்துவிடும் என்று நினைத்து, சின்னச் சின்ன அடியாகத் தத்தித் தத்திப் போகிறார்கள். கால் பரபரக்கிறது, உடம்பு நகர மாட்டேன் என்கிறது.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பு. சத்தம் கேட்டதும் முதலில் எழுபவள் அவள்தான். காது அவ்வளவு கூர்மை. ஆனால் பத்து மீட்டர் தாண்டும்போது நான்காமிடத்தில் இருப்பாள். குறுவட்டப் போட்டியில் இரண்டு வருடமும் அதே கதை. எனக்கும் விளங்கவில்லை. எங்களுடையது மண் மைதானம். ஒரு நாள் காலையில் புழுதி அடங்கட்டும் என்று தொடக்கக் கோட்டுக்கு முன்னால் தண்ணீர் தெளித்து, வாரியலால் இழுத்துச் சமப்படுத்தி வைத்திருந்தோம். அவள் வெறுங்காலோடு ஓடினாள். ஓடி முடித்ததும் இருவரும் திரும்பி வந்து அந்தத் தடங்களைக் குனிந்து பார்த்தோம்.

முதல் தடமே கதையைச் சொல்லிவிட்டது. குதிகால் ஆழமாகப் பதிந்திருந்தது. மண் தடத்தின் முன்பக்கம் குவிந்திருந்தது. அதாவது, அந்தக் கால் உடம்புக்கு முன்னே எட்டிப் போய் விழுந்து, பிரேக் போட்டிருக்கிறது. அடுத்த தடமும் அப்படியே. மூன்றாவது தடம் இரண்டாவதைவிடக் கிட்டத்தில் இருந்தது. அவள் உட்கார்ந்து அந்தக் குதிகால் குழியில் விரலை வைத்துப் பார்த்தாள். "சார், இது என் காலா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. ஓடியது அவள். ஆனால் தன் கால் என்ன செய்கிறது என்பது அன்றுவரை அவளுக்குத் தெரியாது. எனக்கும்தான் தெரியாது.

நல்ல புறப்பாட்டின் தடம் எப்படி இருக்கும்? முன்பாதம் மட்டும் பதிந்திருக்கும். குதிகால் இருக்காது. மண் தடத்துக்குப் பின்பக்கம் வாரி எறியப்பட்டிருக்கும். ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் உள்ள இடைவெளி அரைச் சாண், ஒரு சாண் என்று கூடிக்கொண்டே போகும். எங்கேயாவது ஓர் இடைவெளி திடீரென்று குறைந்தாலோ பெரிதாகத் தாவினாலோ அங்கே தவறு நடந்திருக்கிறது. பல லட்சம் ரூபாய்க் கருவி சொல்வதை ஒரு வாளித் தண்ணீர் சொல்லிவிடும், ஆசிரியப் பெருமக்களே!

அந்தப் பிள்ளைக்கு ஐந்து வாரம் பிடித்தது. சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, உடம்பை ஒரே கோடாகச் சாய்த்து, முழங்காலை உயர்த்தி, காலைப் பின்னோக்கி இறக்கச் சொன்னேன். நிமிர்ந்து நின்று, கணுக்காலிலிருந்து முன்னே சாய்ந்து, விழப்போகும் நொடியில் ஓடச் சொன்னேன். தினமும் ஓடி முடித்ததும் தடம் பார்க்கச் சொன்னேன். நான் எதையும் திருத்தவில்லை. அவளே திருத்திக்கொண்டாள். ஐந்தாவது வாரம் முதல் ஆறு தடங்களில் ஒன்றிலும் குதிகால் இல்லை. அடுத்த ஆண்டு மாவட்டப் போட்டிக்குப் போனாள்.

இனி உடம்பு நிலைக்கு வருகிறேன். புறப்படும்போது காலை ஊன்றும் பிளாக்கை எங்கே வைப்பது? பொதுவான அளவு இது: முன்கால் தொடக்கக் கோட்டிலிருந்து அந்தப் பிள்ளையின் பாத அளவில் இரண்டு பாதம், பின்கால் மூன்று பாதம். அங்கிருந்து அவரவர் உடம்புக்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளலாம். 'செட்' என்றதும் இடுப்பு தோளைவிடக் கொஞ்சம் உயர வேண்டும். முன்முழங்கால் ஏறக்குறைய செங்கோணம். பின்முழங்கால் அதைவிட விரிந்து இருக்க வேண்டும். கழுத்து தளர்ந்து, பார்வை கோட்டுக்குச் சற்று முன்னே தரையில். முடிவுக்கோட்டை அண்ணாந்து பார்க்கிற பிள்ளை, சத்தம் கேட்குமுன்னே நிமிரத் தொடங்கிவிடுகிறது. தலை போகிற பக்கம் உடம்பு போகும்.

சத்தம் கேட்டதும் இரண்டு காலாலும் தள்ள வேண்டும். இதைப் பல பிள்ளைகள் செய்வதே இல்லை. பின்காலைத் தள்ளாமல் சும்மா தூக்கிவிடுகிறார்கள். பின்கால் தள்ளுவது கொஞ்ச நேரம்தான் என்றாலும் அந்தக் கொஞ்ச நேரம் பெரிய சொத்து. முன்கால் முழுவதும் நீண்டு முடியும் வரை தள்ள வேண்டும். முதல் அடியில் பாதம் தரையை ஒட்டித் தாழ்வாகப் போய், உடம்புக்குக் கீழேயோ சற்றுப் பின்னேயோ இறங்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே உள்ள கால் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். முன்னே சாய்ந்திருந்தால் தள்ளுகிறது. நேராகவோ பின்னேயோ இருந்தால் தடுக்கிறது. கை? முழங்கையைப் பின்னால் ஓங்கி இழுங்கள். கை வீச்சு குறுகினால் கால் வீச்சும் குறுகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டி.வி.யில் பெரிய வீரர்கள் 20, 30 மீட்டர் வரை தாழ்ந்து ஓடுவதைப் பார்த்துவிட்டு, "தலையைத் தூக்காதே, குனிந்தே ஓடு" என்று பத்து வயதுப் பிள்ளையை நாம் அதட்டுகிறோம். அது தவறு. அவர்கள் குனிந்து ஓடவில்லை. தள்ளுகிற பலத்தால் உடம்பு சாய்ந்திருக்கிறது. பலம் குறைந்த பிள்ளை 10, 15 மீட்டரிலேயே நிமிர்ந்துவிடும். நிமிரட்டும். இடுப்பை ஒடித்துக் குனிய வைத்தால் தடுமாறும், விழும். சாய்வு என்பது தள்ளுவதால் வருகிற பலன். பலனை முதலில் கேட்டு அடம்பிடிக்கக் கூடாது. அடிக்கு அடி, மாடிப்படி ஏறுவது போல, உடம்பு தானாக எழ வேண்டும்.

அமெரிக்காவின் நோவா லைல்ஸ் 30 மீட்டரில் கடைசியாக இருந்து ஜெயித்தாரே என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. 2024 பாரிஸ் ஒலிம்பிக் 100 மீட்டர் இறுதியில் 30 மீட்டரில் அவர் எட்டாவது இடத்தில்தான் இருந்தார். முடிவில் ஜமைக்காவின் கிஷேன் தாம்சனை ஆயிரத்தில் ஐந்து விநாடி வித்தியாசத்தில் வென்றார். 9.784, 9.789. ஆனால் அந்த ஆண்டின் தொடக்கத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? அடிப்படையில் அவர் 200 மீட்டர்க்காரர். குளிர்காலம் முழுவதும் தன் பலவீனமான 60 மீட்டரைத் தேய்த்துத் தேய்த்து 6.43 வரை கொண்டுவந்தார். உலக உள்ளரங்கப் போட்டியில் அதில் வெள்ளி வாங்கினார். அந்த உழைப்பு இல்லாவிட்டால் பாரிஸில் அந்த ஆயிரத்தில் ஐந்து எங்கிருந்து வந்திருக்கும்? கடைசியாக இருந்தும் அவர் பதறவில்லை, தள்ளுவதை நிறுத்தவில்லை. அதையும் பாருங்கள்.

சின்ன வித்தியாசத்தின் வலி நமக்குப் புதிதல்ல. 1984 ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நம் பி.டி. உஷா 55.42. வெண்கலம் போனது 55.41-க்கு. கிராமத்துப் பெட்டிக்கடையில்கூட அன்று அதைப் பற்றித்தான் பேச்சு.

பயிற்சிக்கு வருகிறேன். இந்த இடத்தில் என் தவறை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் பத்து வருடம் ஓட்டக்காரப் பிள்ளைகளை எல்லாம் முதலில் மைதானத்தைப் பத்துச் சுற்று சுற்றவிட்டேன். களைத்துப் போன பிறகு, கடைசியில் நேரம் இருந்தால், நான்கு ஸ்டார்ட் எடுக்கச் சொன்னேன். களைத்த உடம்பு என்ன கற்றுக்கொள்ளும்? மெதுவாக ஓடத்தான் கற்றுக்கொள்ளும். நல்ல கால் வளம் இருந்த பிள்ளைகளை அப்படி நான் மந்தமாக்கியிருக்கிறேன். அந்தக் குற்றவுணர்ச்சிதான் இன்று என்னைப் பேச வைக்கிறது.

முடுக்கப் பயிற்சியை உடம்பு சூடேறியவுடன், தெம்பு இருக்கும்போதே செய்யுங்கள். 10 மீட்டர், 20 மீட்டர், 30 மீட்டர். இவைதான் தூரம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் குறைந்தது ஒரு நிமிடம் ஓய்வு என்பது பயிற்சியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. 30 மீட்டர் ஓடினால் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். "சும்மா நிற்கிறார்களே" என்று தலைமையாசிரியர் கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு மொத்தம் 150, 200 மீட்டர் போதும். வாரத்துக்கு இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். வேகம் குறைகிறது என்று தெரிந்த அந்த ஓட்டத்தோடு அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மீறி ஓடவிட்டால் பின்தொடைத் தசை பிடித்துக்கொள்ளும், அல்லது கிழிந்துவிடும். சீசனே போய்விடும்.

மேட்டில் ஓடுவது அருமையான ஆசான். லேசான சரிவு போதும், ஏரிக்கரை ஏற்றம் போதும். ஏற்றத்தில் எவராலும் காலை முன்னே எட்டிப் போட்டு ஓட முடியாது. தள்ளித்தான் ஆக வேண்டும். பழைய டூவீலர் டயரை இடுப்பில் கயிறு கட்டி இழுப்பதும் அதே பாடம்தான். நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுவது, படிக்கட்டில் ஒற்றைக்காலால் ஏறுவது, கனமான பந்தைக் குனிந்து எடுத்து முன்னோக்கி எறிவது, இவையெல்லாம் பிட்டத்துக்கும் தொடைக்கும் பலம் கொடுக்கும். தள்ளுகிற எஞ்சின் அங்கேதான் இருக்கிறது.

ஸ்டாப்வாட்சை நம்பி 20 மீட்டர் ஓட்டத்தை அளக்காதீர்கள். கையால் பிடிக்கும் நேரத்துக்கும் மின்னணு நேரத்துக்கும் 100 மீட்டரில் 0.24 விநாடி வித்தியாசம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். 20 மீட்டரில் அந்தப் பிழை, பிள்ளையின் ஒரு வருட முன்னேற்றத்தையே விழுங்கிவிடும். கையில் இருக்கும் செல்போனில் ஸ்லோ மோஷனில் பக்கவாட்டிலிருந்து படம் பிடியுங்கள். அதைப் பிள்ளைக்கே காட்டுங்கள்.

பிளாக் இல்லையே என்று வருந்தும் பள்ளிகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஒலிம்பிக்கில் பிளாக் வந்ததே 1948 லண்டனில்தான். 1936-இல் பெர்லினில் நான்கு தங்கம் வென்ற ஜெஸ்ஸி ஓவன்ஸ், சிறு கரண்டியால் ஓடுதளத்தில் இரண்டு குழி தோண்டி, அதில் காலை ஊன்றிப் புறப்பட்டவர். பின்னாளில் போல்ட் 9.58 ஓடியதும் அதே மைதானத்தில்தான். குழியில் கால் வைத்துப் புறப்படும் நம் கிராமத்துப் பிள்ளை ஓவன்ஸ் புறப்பட்ட மாதிரிதான் புறப்படுகிறது. அந்தப் பிள்ளையைக் குறைவாக நினைக்காதீர்கள்.

ஆசிரியர்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக் காலை பள்ளிக்குப் போனதும் தொடக்கக் கோட்டுக்கு முன்னால் பத்து மீட்டருக்குத் தண்ணீர் தெளியுங்கள். வாரியலால் இழுத்துவிடுங்கள். உங்கள் பிள்ளைகளில் மிக மெதுவாகப் புறப்படும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, வெறுங்காலோடு ஓடச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பிள்ளையின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, முதல் ஆறு தடங்களையும் சேர்ந்து பாருங்கள்.